2,999 ரூபாய் இம்யூனிட்டி பேக்கேஜ்: லேப் நல்ல லேப், பேக்கேஜ் வேண்டாம்

வட சென்னை தண்டையார்பேட்டை டி.எச். ரோடு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சில மாதங்களாக "இம்யூனிட்டி அண்ட் இன்ஃப்ளமேஷன் பேக்கேஜ்" என்று ஒன்றை 2,999 ரூபாய்க்கு விற்கிறார்கள். தெருமுனையில் ஷாமியானா போட்டு முகாம் நடத்துகிறார்கள், வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. போன மாதம் எங்கள் வீட்டில் மாமியார் இதை எடுத்துக்கொண்டார். லேபின் பெயரை நான் போடவில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயரில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை பல இடங்களில் கிடைக்கிறது, நான் சொல்லப்போவது அத்தனைக்கும் பொருந்தும்.

எனக்கு முடக்குவாதம் இருக்கிறது. டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். பல வருடமாக மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையில் இருக்கிறேன், அந்த மாத்திரை போடுகிறவர்கள் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் எல்லாவற்றையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு நான் போவது இதே லேபுக்குத்தான். அதனால் இந்த டெஸ்ட்கள் எனக்குப் பழக்கம், இந்த லேபும் பழக்கம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்கிற பெண் அருமையான கை. எனக்கு நரம்பு சுலபத்தில் கிடைக்காது, வேறு இடங்களில் இரண்டு கையிலும் குத்திவிட்டுப் புறங்கைக்கு வருவார்கள். இந்தப் பெண் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு அவசரப்படாமல் விரலால் தடவிப் பார்த்து, "அக்கா, கையை மூடித் திறங்க" என்று சொல்லி ஒரே குத்தில் எடுத்துவிடுவார். அதைவிட முக்கியம், ட்யூபில் பெயர், வயது ஒட்டுவதை நம் கண் முன்னாலேயே செய்கிறார், பெயரை நம் வாயால் சொல்லச் சொல்லிச் சரிபார்க்கிறார். நான் பார்த்த பல லேப்களில் எல்லார் ட்யூபையும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அப்புறம் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். லேபின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கும் என்.ஏ.பி.எல். அங்கீகாரமும் இருக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அந்த அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடையாது, டெஸ்ட் வாரியாகத்தான் உண்டு. எந்தெந்த டெஸ்டுக்கு உண்டு என்ற பட்டியலைக் கேட்டால் காட்ட வேண்டும். இங்கே கேட்டேன், காட்டினார்கள்.

சரி, பேக்கேஜுக்கு வருவோம். உள்ளே இருப்பவை: இ.எஸ்.ஆர்., ஹெச்.எஸ். சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஏ.எஸ்.ஓ., ஏ.என்.ஏ., மொத்த ஐ.ஜி.இ., யூரிக் ஆசிட், வைட்டமின் டி. அப்புறம் போனில் ஒரு "ஹெல்த் கவுன்சிலிங்", ஒரு டப்பா இம்யூனிட்டி பொடி இலவசம். ரிப்போர்ட் மறுநாளே வந்துவிட்டது. வழுவழுப்பான தாள், கலர் மீட்டர், இதயம் படம் எல்லாம் போட்டுப் பல பக்கம். மாமியார் பிரித்துப் பார்த்தார், நான்கு இடத்தில் சிவப்பு. "என்னம்மா இது, உடம்பு பூரா வியாதியா இருக்கே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை. 62 வயது மனுஷி, சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு ஒரு மாத்திரை, முழங்கால் வலி தவிர வேறு புகார் இல்லை. அந்த நான்கு சிவப்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சிவப்பு இ.எஸ்.ஆர். மாமியாருக்கு 34, லேபின் வரம்பு 20. இந்த டெஸ்ட் ரொம்பப் பழையது. ஒரு நீளக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். உடம்பில் எங்காவது அழற்சி, அதாவது தொற்றுக்கோ காயத்துக்கோ எதிராக உடம்பு காட்டும் வீக்கம், எரிச்சல் இருந்தால் ஃபைப்ரினோஜன் மாதிரிப் புரதங்கள் கூடும், சிவப்பணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை இருந்தாலும் இறங்கும், கர்ப்பமாக இருந்தாலும் இறங்கும், வயது கூடக்கூட அதுவும் கூடும். டாக்டர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. மாமியாருக்கு 62 + 10, பாதி 36. அவருக்கு வந்தது 34. அதாவது அவர் வயதுக்கு அது ஒன்றுமே இல்லை. 20 வயதுப் பெண்ணுக்கும் 62 வயதுப் பெண்மணிக்கும் ஒரே வரம்பைப் போட்டுவிட்டுச் சிவப்பு மை பூசினால் யாருக்குத்தான் பயம் வராது?

இதில் முகாமுக்கே உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இ.எஸ்.ஆர். ரத்தத்தை வெளியில் வைத்திருந்தால் நான்கு மணி நேரத்துக்குள் டெஸ்டைப் போட்டுவிட வேண்டும், சூடு கூடினாலும் எண் மாறும். ஷாமியானாவுக்குக் கீழே காலை 7 மணிக்கு எடுத்த ட்யூப்கள் மதியம் வரை அதே ஸ்டாண்டில் நின்றதை நான் பார்த்தேன். சித்திரை வெயில். ஐஸ் பாக்ஸ் மேஜைக்கடியில் மூடியே இருந்தது. லேபுக்கு நேரில் போய்க் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

இரண்டாவது சிவப்பு ஹெச்.எஸ். சி.ஆர்.பி., 4.1. பக்கத்தில் "இதய நோய் அபாயம்: அதிகம்" என்று இதயம் படத்தோடு. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் செய்கிற ஒரு புரதம். 1930ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்காவது தொற்றோ காயமோ ஏற்பட்டால் இன்டர்லூகின்-6 என்ற சேதி கல்லீரலுக்குப் போகும், சில மணி நேரத்திலேயே சி.ஆர்.பி. ஏற ஆரம்பித்துவிடும், இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், காரணம் போனதும் மளமளவென்று இறங்கும். இ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும், இது அப்படி இல்லை, அதனால்தான் எனக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க என் டாக்டர் இதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஹெச்.எஸ். என்பது அதே புரதத்தை மிகக் குறைந்த அளவிலும் அளந்துவிடுகிற வகை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய அபாயம் குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்பது சரியான கணக்குதான், லேப் அதைப் பொய்யாகப் போடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லாத நிலையில் எடுத்ததற்குத்தான் பொருந்தும். ஒரு தடவை கூடுதலாக வந்தால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்த பிறகே பேச வேண்டும். மாமியாருக்கு முகாமுக்கு நாலு நாள் முன்னால் கடைவாய்ப்பல் ஈறு வீங்கி ஒரு பக்கம் மென்று கொண்டிருந்தார். ரத்தம் எடுப்பதற்கு முன் யாராவது "சமீபத்தில் காய்ச்சல், சளி, பல் பிரச்சினை ஏதாவது இருந்ததா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? அந்த ஒரு கேள்விக்கு ஒரு பைசா செலவில்லை. பல் டாக்டரிடம் போய் ஈற்றைச் சுத்தம் செய்து, மூன்று வாரம் கழித்து அதே லேபில் அதே டெஸ்டை எடுத்தோம், 1.6.

அழற்சிக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை, நிச்சயமாக இருக்கிறது. 2017ல் கேன்டாஸ் என்ற பெரிய ஆய்வு வந்தது. ஏற்கனவே மாரடைப்பு வந்து, ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த பத்தாயிரம் பேரை வைத்துச் செய்தார்கள். கனாகினுமாப் என்ற ஊசி கொழுப்பைத் தொடவே இல்லை, அழற்சியை மட்டும் குறைத்தது, அதற்கே மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. ஆனால் அதே ஊசி போட்டவர்களில் உயிரைக் குடிக்கும் தொற்றுகளும் கொஞ்சம் கூடின. நோய் எதிர்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் விளையாட்டு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பின்னால் அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சி.ஆர்.பி. சில லேப்களில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும், சில இடத்தில் டெசிலிட்டருக்கு எத்தனை என்று வரும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு இடத்து 0.8ம் இன்னொரு இடத்து 8ம் ஒரே அளவுதான். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் 0.9லிருந்து 7 ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு வந்தார், லேபை மாற்றியிருக்கிறார், உண்மையில் குறைந்துதான் இருந்தது.

மூன்றாவது சிவப்பு ஆர்.ஏ. ஃபேக்டர், முடக்குவாதம் உள்ள பலரின் ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்பொருள். எனக்கு இந்தப் பேக்கேஜ் மேல் உள்ள கோபத்தில் பாதி இதனால்தான். மாமியாருக்கு 24, வரம்பு 20. ரிப்போர்ட்டில் "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வாய்ப்பு" என்று போட்டுவிட்டார்கள். மருமகளுக்கு இருப்பதைத் தினமும் பார்க்கிறவர் இல்லையா, தனக்கும் அதே என்று முடிவே கட்டிவிட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். நோய்க்குறி எதுவும் பார்க்காமல் ஆயிரம் பேருக்கு இந்த டெஸ்டை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் முடக்குவாதம் நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆயிரத்தில் 8 பேர் என்று தாராளமாகவே வைப்போம். நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்குத்தான் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் வரும், ஆக 6 பேர். மீதி 992 பேர் நோயில்லாதவர்கள். அவர்களிலும் நூற்றுக்கு 5 பேருக்குச் சும்மாவே பாசிட்டிவ் வரும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக வரும். அது ஒரு 50 பேர். சிவப்பு மை வாங்கியவர்கள் மொத்தம் 56, அதில் நோய் இருப்பது 6 பேருக்கு. 50 பேர் வீணாகப் பயப்படுவார்கள். நோய் இருந்தும் டெஸ்டில் தப்பிப்போன 2 பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், அதுதான் இன்னும் மோசம். மஞ்சள் காமாலை சி வகை, காசநோய் இவற்றிலும்கூட இந்த டெஸ்ட் பாசிட்டிவ் ஆகும்.

தப்பிப்போன அந்த இரண்டில் ஒருவரை எனக்குத் தெரியும். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர். நான் மீன் வாங்குவது அவரிடம்தான். வேறொரு லேபில் இதே மாதிரி ஒரு பேக்கேஜ் எடுத்திருக்கிறார், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், "வாதம் எதுவும் இல்லை, தைரியமா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஐந்தாறு மாதம் ஓட்டிவிட்டார். வஞ்சிரம் துண்டு போடும்போது கத்தியை அவர் பிடிக்கிற விதம் மாறியிருந்தது. விரலை மடக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். மோதிரம் நடு விரலில் இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் நின்றது. "காலைல எழுந்தா எத்தனை நேரம்கா கை மடங்காம இருக்கு?" என்று கேட்டேன். "கடை போடுற வரைக்கும் இருக்கும்மா, எட்டு மணிக்கு மேலதான் கொஞ்சம் விடும்" என்றார். அவர் எழுந்திருப்பது மூன்று மணிக்கு.

அந்த ஒரு பதில் போதும் எனக்கு. காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகிக் கிடப்பது, விரல் கணு, மணிக்கட்டு மாதிரிச் சின்ன மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்குவது, வேலை செய்யச்செய்ய இளகுவது, இதெல்லாம் அழற்சி வாதத்தின் அடையாளம். மாமியாருடைய முழங்கால் இதற்கு நேர் எதிர். காலையில் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும், மாடி ஏறினால் வலிக்கும், சாயங்காலம் கூடும். அது தேய்மானம். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு டாக்டர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டால் போதும். என் டாக்டர் முதல் நாள் செய்ததும் அதுதான், கை குலுக்குவது மாதிரி நாலு விரல் கணுவையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினார், நான் துள்ளிவிட்டேன். ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதியது அதற்கு அப்புறம்தான்.

மீன்கார அக்காவை சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ருமட்டாலஜிக்கென்றே, அதாவது வாத நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நம் பக்கத்திலிருந்து மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரலில் இறங்கிவிடலாம், இப்போது அது பெரிய வசதி. கையைத் தொட்டுப் பார்த்தே பாதி சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் காட்டாத வகை முடக்குவாதம், இப்போது மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, கத்தி பிடிக்கிறார். ஆனால் இந்த நோயில் முதல் சில மாதங்கள்தான் தங்கமான நேரம். அதற்குள் மருந்து ஆரம்பித்தால் எலும்பு அரிக்காமல் தடுக்க முடியும், அரித்த பிறகு மீட்க முடியாது. அந்த ஐந்தாறு மாதத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது "நார்மல்" என்று பச்சையில் அச்சடித்த ஒரு வரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிக்குன்குனியா. 2006ல் ஊரே கம்பு ஊன்றி நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அது வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும், வீங்கும், பார்க்க அச்சு அசல் முடக்குவாதம் மாதிரியே இருக்கும். டாக்டர் என்றால் "காய்ச்சல் வந்ததா, எப்போது" என்று கேட்பார். பேக்கேஜ் கேட்காது.

நாலாவது சிவப்பு வைட்டமின் டி. அது நம் ஊரில் குறைவாக இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும், விட்டுவிடுகிறேன். ஏ.எஸ்.ஓ. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சமீபத்தில் வந்துபோனதா என்று காட்டும், வாதக் காய்ச்சல் சந்தேகம் உள்ள பிள்ளைகளுக்கு உதவும், 62 வயது முழங்காலுக்கு அதனால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை. யூரிக் ஆசிட் கூடுதலாக இருந்தாலே, அது மூட்டில் படிந்து வரும் கௌட் வாதம் என்று அர்த்தம் இல்லை, மூட்டு வீங்கிச் சிவந்து நெருப்பாக எரிந்தால்தான் அந்தப் பேச்சே. ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் அலர்ஜியிலும் கூடும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் கூடும். ஏ.என்.ஏ. மாமியாருக்கு நல்லவேளையாக நெகட்டிவ். அது எதிர்ப்பு சக்தி உடம்பின் பல உறுப்புகளையே தாக்கும் லூபஸ் மாதிரி நோய்களுக்கான டெஸ்ட், ரத்தத்தை 1:40 அளவுக்குக் கரைத்துப் பார்த்தால் எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நாலு பேரில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வரும். முகத்தில் படை, முடி கொட்டுதல், வாய்ப்புண், மூட்டு வீக்கம் என்று ஏதாவது இருந்தால் ஒழிய இதைத் தொடவே கூடாது, தொட்டால் அந்தப் பெண் கூகுளைப் பார்த்து இரவெல்லாம் அழுவாள்.

இத்தனையைப் போட்டவர்கள் சிறுநீர் டெஸ்டை விட்டுவிட்டார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் போகும் புரதம். இருப்பதிலேயே மலிவான டெஸ்ட் அது. முழு ரத்த எண்ணிக்கையும் இல்லை, அது இல்லாமல் ரத்தசோகை இருக்கிறதா என்று தெரியாது, அது தெரியாமல் இ.எஸ்.ஆரை எப்படிப் படிப்பது? முடக்குவாதத்துக்கு ஆர்.ஏ. ஃபேக்டரைவிட நம்பகமான ஆன்டி சி.சி.பி. என்ற ரத்த டெஸ்டும் இல்லை. விலை கூடுதல் என்பதால் சேர்க்கவில்லை என்று கவுண்டரில் சொன்னார்கள்.

அடுத்தது அந்த போன் கவுன்சிலிங். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த தாளைப் படிக்கிறார். முதல் வேலையாக "ஃபுட் இன்டாலரன்ஸ்" என்று இன்னொரு டெஸ்டை விற்கப் பார்த்தார், 4,500 ரூபாய், எந்தெந்தச் சாப்பாடு உடம்பில் அழற்சி உண்டாக்குகிறது என்று ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்பொருளைப் பார்த்துச் சொல்லுமாம். இதைத் தயவுசெய்து யாரும் எடுக்காதீர்கள். உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. நம் உடம்பில் இருப்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளம், ஒவ்வாமைக்கு அடையாளம் இல்லை. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் 2008லேயே இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெண் மூச்சிழுப்பு உள்ள தன் ஆறு வயதுப் பையனுக்கு இதை எடுத்து, பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை எல்லாம் சிவப்பில் வந்து, அத்தனையும் நிறுத்திவிட்டாள். பையன் ஸ்கூலில் பிறந்தநாள் கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறான். இழுப்பு அப்படியே இருக்கிறது. வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையையும் பாலையும் எடுக்க ஒரு லேபுக்கு என்ன உரிமை இருக்கிறது?

அப்புறம் பொடி. டப்பாவில் சீந்தில், அமுக்கரா, மஞ்சள், இன்னும் ஏழெட்டு மூலிகை என்று போட்டிருக்கிறது, அளவு எதுவும் இல்லை. "வீட்ல எல்லாருமே சாப்பிடலாம் மேடம், இம்யூனிட்டி பூஸ்ட் ஆகும்" என்றார். வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று கேட்கவில்லை. நானும் அந்த வீட்டில்தானே இருக்கிறேன்? எனக்கு இருப்பது எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோய் இல்லை. என் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் என் மூட்டையே தாக்குவதால் வந்த நோய். அதை அடக்கத்தான் வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன். அதைத் தூண்டுகிறேன் என்று சொல்லி ஒரு பொடியைக் கொடுத்தால் என்ன செய்வது? தைராய்டில் ஹாஷிமோட்டோ, சோரியாசிஸ், லூபஸ், முதுகை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், பிள்ளைகளுக்கு வரும் டைப் 1 சர்க்கரை, எல்லாம் இதே குடும்பம்தான். இவர்களில் யாருக்கும் "பூஸ்ட்" தேவையில்லை.

சீந்திலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் அதைக் குடித்தார்களே, 2021ல் மும்பை கல்லீரல் மருத்துவர்கள் அதைச் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள், கல்லீரலை உடம்பே தாக்குவது மாதிரியான பாதிப்பு. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சண்டை நடந்தது. பரம்பரை வைத்தியம் தெரிந்த ஒரு சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பதை நான் இங்கே பேசவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டே கல்லீரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து, அதற்கு மேல் அளவே போடாத ஒரு பொடியை யார் நோயாளி என்று கேட்காமல் கொடுப்பதைத்தான் பேசுகிறேன். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறைதான், கிழமையை அட்டையிலேயே எழுதி வையுங்கள், தவறித் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

வட சென்னையில் இந்தப் பேக்கேஜ் ஏன் விற்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணூர், மணலி புகையை மூச்சில் இழுத்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம், உடம்புக்குள் ஏதோ நடக்கிறது என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது, அது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு 2,999 ரூபாய் ரிப்போர்ட் பதில் இல்லை. நாள்பட்ட அழற்சிக்கு நம் கையில் இருக்கும் காரணங்கள் இருக்கின்றன: பீடி, சிகரெட் முடக்குவாதத்தையே கொண்டுவரும் என்பது நன்றாக நிரூபணமானது. தொப்பைக் கொழுப்பு தானே அழற்சிச் சேதிகளைச் சுரக்கும். ஈறு நோய், கட்டுப்படாத சர்க்கரை இரண்டும் உண்டு. மாலையில் காய்ச்சல், எடை குறைதல், விடாத இருமல் இருந்தால் இ.எஸ்.ஆர். பார்த்துக்கொண்டு உட்காராமல் சளியைக் கொடுத்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், அது அரசு மருத்துவமனையில் இலவசம். வாதத்துக்கு உயிரியல் ஊசி போடுவதற்கு முன் காசநோய் உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பதும் அதனால்தான், எதிர்ப்பை அடக்கினால் அது எழுந்துவிடும்.

ஆக லேபுக்கு ஐந்துக்கு நாலரை, பேக்கேஜுக்கு ஒன்று. மீதி எல்லாவற்றுக்கும் நான் இந்த லேபுக்கேதான் போவேன். டாக்டர் சீட்டில் எழுதியதை மட்டும் எடுங்கள், கவுண்டரில் "இதுக்குப் பேக்கேஜே எடுத்துடலாம்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வற்புறுத்த மாட்டார்கள். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள், ஞாயிறு மதியம் வரை உண்டு, வீட்டுக்கு வந்து எடுக்க 100 ரூபாய் தனி. என் வழக்கமான முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், கிரியேட்டினின், சி.ஆர்.பி. நான்கும் சேர்த்து 1,200 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது, காலையில் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும்.